ஏழாவது கேள்வி

உட்காருங்கள் சார். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். உங்கள் டிரைவர் டயரைத் தூக்கிக்கொண்டு எட்டயபுரம் போயிருக்கிறார். பஞ்சர் கடைக்காரர் இந்நேரம் சாப்பிடப் போயிருப்பார். எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். இங்கேயே இருங்கள், கரண்டைச் சேமித்து வைக்கிற இந்த யார்டில் மனிதர்களுக்கு என்று ஏ.சி. இருப்பது இந்த கண்ட்ரோல் ரூமில் மட்டும்தான். மற்றதெல்லாம் பேட்டரிக்கு.

நீங்கள் பாதுகாப்பு விதிகளைத் திருத்தி எழுதுகிற கமிட்டியில் இருக்கிறீர்கள் என்று மேனேஜர் சொன்னார். காலையிலிருந்து டேப்பை வைத்து, லாரி கண்டெய்னர் மாதிரி நிற்கிற பேட்டரிப் பெட்டிகளுக்கு நடுவே அளந்துகொண்டிருந்தீர்கள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எல்லாம் சரியாக இருக்கும் சார். மூன்று மீட்டர், சில இடத்தில் மூன்று மீட்டர் பத்து சென்டி. நானே அளந்திருக்கிறேன். அளவில் எங்களிடம் ஒரு குறையும் கிடையாது.

எனக்கு உங்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இங்கே ஒரு பரீட்சை வைக்கிறோம். பத்துக் கேள்வி. பத்துக்குப் பத்து வாங்கினால்தான் உள்ளே விடுவோம். அதில் ஏழாவது கேள்வியை எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான். உங்கள் கமிட்டி ஒரு வரி எழுதிப் போட்டால் கம்பெனி கேட்கும். நான் சொன்னால் கேட்காது. ஏனென்றால் அந்தக் கேள்வியை எழுதினதே நான்தான்.

நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பேர் தளவாய். ராத்திரி ஆள். ஸ்பின்னிங் மில்லில் பதினாறு வருசம் ராத்திரி ஷிப்ட். மில்லை மூடின பிறகு காற்றாலை யார்டில் ஆறு வருசம், அதுவும் ராத்திரி. அப்புறம் இங்கே. நீங்கள் வருகிறீர்கள் என்றுதான் இன்றைக்குப் பகலில் இருக்கிறேன். தூங்கவில்லை, பேச்சு அங்கே இங்கே போனால் மன்னித்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. ஆனால் இந்த யார்டின் விதிப்புத்தகத்தை நான் முழுக்கப் படித்தவன். இருநூற்றுப் பதினாலு பக்கம், முழுக்க இங்கிலீஷ். கோவில்பட்டியில் ஒரு அகராதி வாங்கி, ராத்திரிக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டு எட்டு மாசத்தில் முடித்தேன். இஞ்சினியர்களே என்னிடம்தான் பக்க நம்பர் கேட்பார்கள். பசங்கள் எனக்குப் 'புத்தகம்' என்று பேர் வைத்தார்கள். 'ஏ, புத்தகம் வருதுவே, ஹெல்மெட்ட மாட்டு' என்பார்கள். கேலிதான். எனக்கு அது பிடித்திருந்தது.

உங்களுக்குத் தெரியாததா, இருந்தாலும் சொல்கிறேன். இந்தத் தீ வேறு மாதிரித் தீ. பெட்டிக்குள்ளே எங்கோ ஒரு பேட்டரிக்கு உடம்பு சரியில்லாமல் போகிறது. சூடாகிறது. முதலில் தீ வராது, வாயுதான் வரும். அந்த வாயு பெட்டி முழுக்க அடைந்துகொண்டு நிற்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, பெட்டி அது பாட்டுக்கு வெள்ளையாக நின்றுகொண்டிருக்கும். அப்போது போய் எவனாவது கதவைத் திறந்தால் காற்று உள்ளே போகும். காற்றும் அந்த வாயுவும் சேர்ந்தால் ஒரு பொறி போதும், வெடிதான். அதனால்தான் புத்தகத்தில் முதல் கட்டளையே கதவைத் திறக்காதே. தூரப் போ. எரிகிற பெட்டி எரிந்து போகட்டும், பக்கத்துப் பெட்டியை நனைத்துக்கொண்டிரு. நாற்பத்திரண்டு பெட்டியில் ஒன்று போனால் போகட்டும்.

ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் புகையையும் வாயுவையும் மோந்து பார்க்கிற கருவி இருக்கிறது. நாங்கள் 'மூக்கு' என்போம். மூக்கு மோந்தால் இதோ இந்த போர்டுக்குச் சொல்லும். போர்டு உடனே அந்தப் பெட்டியில் ஃபேனைப் போட்டு வாயுவை வெளியே தள்ளும், சைரன் அடிக்கும், கதவுக்கு மேலே சிவப்பு விளக்கை எரியவிடும். சிவப்பைப் பார்த்தால் எவனும் கிட்டே போக மாட்டான். நல்ல ஏற்பாடு சார். யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

வெயிலுகந்தான் என்று ஒரு டெக்னீசியன். அவன் பகல், நான் ராத்திரி. காலை ஆறரைக்கு நான் ஒப்படைப்பேன், சாயங்காலம் ஆறரைக்கு அவன் ஒப்படைப்பான். இரண்டு தடவையும் கால் மணி நேரம் பேசுவோம், ஒரு டீ. அவ்வளவுதான் எங்கள் சிநேகம். கால் கால் மணி நேரமாக இரண்டு வருசம். ஒரு தடவைகூட நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு சாப்பாடு சாப்பிட்டதில்லை. ஆனால் என் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, பையன் வேலை பார்க்கிற இடம் வரைக்கும் போய் விசாரித்துவிட்டு வந்தது அவன்தான்.

அவனைப் பற்றி ஒன்று சொன்னால் போதும், ஆளைப் புரிந்துகொள்வீர்கள். பெட்டிகளைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டிருக்கிறதே, பர்மிட் இல்லாமல் அதைத் தாண்டக் கூடாது. ஒரு ஆடி மாசம், இவன் கேட் பக்கம் வேப்பமரத்தடியில் சாப்பிட உட்கார்ந்திருக்கிறான். ஆடிக் காற்று தூக்குவாளி மூடியைத் தூக்கிக்கொண்டு போய்க் கோட்டுக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டது. பத்தொன்பதாம் பெட்டியோரம். இரண்டு எட்டு வைத்தால் எடுத்துவிடலாம். இவன் என்ன செய்தான் தெரியுமா. ஆபீசுக்கு வந்து பர்மிட் எழுதினான். 'வேலையின் விவரம்: மூடி எடுத்தல்.' மேனேஜர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அன்றைக்குச் சாயங்காலம் நான் கேட்டேன்.

"ஏன்வே, கோட்டத் தாண்டி ஒரு மூடி எடுக்கதுக்கு பர்மிட்டா?"

"நீதானவே சொன்ன, கோடுன்னா கோடுதான்னு."

"மூடிக்குமா சொன்னேன்?"

"மூடிக்குன்னு தனியா ஒரு கோடு போட்டுத் தா. அதத் தாண்டுதேன்."

அப்படிப்பட்ட ஆள். சொன்னால் சொன்னபடி. அதிலும் நான் சொன்னால் அவனுக்கு மறுபேச்சு கிடையாது. தளவாய் சொன்னான் என்றால் புத்தகம் சொன்ன மாதிரி.

இப்போது ஆயுதபூஜைக்கு வருகிறேன். உங்கள் கமிட்டியில் இதை யாரும் எழுதியிருக்க மாட்டீர்கள். எழுதியிருக்க வேண்டும் சார். இந்த ஊரில் ஒரு சைக்கிள் கடை என்றாலும் அன்றைக்கு பம்புக்குச் சந்தனம் வைப்பார்கள். நாற்பத்திரண்டு பேட்டரிப் பெட்டியை வைத்துக்கொண்டு ஆட்கள் சும்மா இருப்பார்களா. முதல் வருசம் பெட்டிக்குப் பெட்டி பொட்டு வைத்து, கதவைத் திறந்து உள்ளே சாம்பிராணி காட்டினோம். மூன்றாம் பெட்டியில் மூக்கு மோந்துவிட்டது. சைரன் அடித்து, தீயணைப்புப் பொடி குபீரென்று கொட்டி, ஐயர் தலையெல்லாம் வெள்ளை. தாம்பாளத்தைப் போட்டுவிட்டு வேட்டியைப் பிடித்துக்கொண்டு கேட் வரைக்கும் ஓடினார். 'சாமிக்கே தீயணைச்சுட்டீகளேவே' என்று ஒரு மாசம் சிரித்தோம். மேனேஜர் ஹைதராபாத்காரர், அவர் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு பெட்டியைச் சுத்தம் பண்ண மூன்று வாரம் ஆனது. அடுத்த வருசம் அவர் என்னைக் கூப்பிட்டு, பூஜை நடக்கட்டும், சைரன் அடிக்கக் கூடாது, வழி சொல்லு என்றார்.

வழி புத்தகத்தில் இருந்தது. நூற்று முப்பத்தோராம் பக்கம். பராமரிப்பு வேலை நடக்கும்போது மட்டும் என்று போட்டு, இந்த போர்டில் ஒரு சாவி. பாருங்கள், அந்தச் சிவப்பு மூடிக்குக் கீழே. அதை பைபாஸ் பக்கம் திருப்பினால் மூக்கு என்ன மோந்தாலும் போர்டு காதில் வாங்காது. ஃபேன் கிடையாது, சைரன் கிடையாது, சிவப்பு கிடையாது. ஒரு சின்ன மஞ்சள் விளக்கு மட்டும் மினுக்கும். அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தது நான். மேனேஜர் என் தோளில் தட்டினார். மேனேஜர் தட்டுகிற ஆள் இல்லை.

பூஜை நல்லபடியாக நடந்தது. சாவியைத் திருப்பி, வேறு எவனும் கை வைத்துவிடக் கூடாது என்று உருவி எடுத்தேன். உருவினதை இதோ இங்கே, இந்த ரூமில் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். ஸ்பேனர், டெஸ்டர், மீட்டர் எல்லாம் அங்கேதான் இருந்தது. என்னுடைய புத்தகத்தையும் வைத்தேன். எனக்கு ஆயுதம் என்றால் அதுதானே. சந்தனம் தடவி, பூ வைத்து. வைத்தால் வைத்ததுதான் சார், உங்களுக்கே தெரியும். மறுநாள் மறுபூஜை முடிகிற வரைக்கும் அதைத் தொடக் கூடாது. சின்னப் பிள்ளைகள்கூட அன்றைக்குப் பாடப்புத்தகத்தைத் தொடாது. என் வயதுக்கு நான் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை.

வெயிலு சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது கேட்டான். கேட்கத்தான் செய்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை.

"பூசதான் முடிஞ்சிட்டே. சாவியத் திருப்பிப் போட்டுறலாமாவே?"

"சாமிகிட்ட வச்சத எடுக்கக் கூடாதுவே. விடிஞ்சா மறுபூச. ஒரு ராத்திரிதான."

"அப்ப சரி" என்றான். போய்விட்டான்.

அன்றைக்கு ராத்திரி ஒரு குறையும் இல்லை. போர்டு முழுக்கப் பச்சை. அந்த மஞ்சள் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டே இருந்தது, கண்ணுக்கு உறுத்தலாக. போர்டுக்குச் சாத்தின சாமந்தி மாலையைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டேன். அப்புறம் தெரியவில்லை. அன்றைக்குப் படிப்பதற்கும் புத்தகம் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

காலையில் ஆறேகாலுக்கே வந்துவிட்டான். குளித்து, திருநீறு பூசி, மறுபூஜைக்கு அவன் வீட்டம்மா கொடுத்துவிட்ட சுண்டல் வாளியோடு. ஐயர் ஏழு மணிக்கு. அதற்குள் ஒரு சுற்று வந்துவிடுகிறேன் என்று வாக்கி டாக்கியை எடுத்துக்கொண்டு போனான். ஒரு ஐந்து நிமிசம் இருக்கும். வாக்கியில் கூப்பிட்டான், இருபத்து மூன்றாம் பெட்டிக் கதவு இடுக்கில் வெள்ளையாக ஏதோ வருகிறது என்று. நான் போர்டைப் பார்த்தேன். பச்சை. சைரன் இல்லை, சிவப்பு இல்லை, எல்லாம் பச்சை என்று சொன்னேன். அதுதானே போர்டில் இருந்தது. நேற்றுக் காட்டின சாம்பிராணியாக இருக்கும் என்று நினைத்தோம்.

பிறகு அவன் கதவைத் திறந்தான்.

இந்த ஜன்னல் கண்ணாடி புதுசு சார். பழையது என் மேலேதான் விழுந்தது. பெட்டிக் கதவு வேலிக்கு அந்தப் பக்கம் உளுந்துக் காட்டில் கிடந்தது. அவன் கோட்டுக்கு இந்தப் பக்கம் கிடந்தான். ஆம்புலன்சில் நான்தான் கூடப் போனேன். முகத்தை நான் சொல்லவில்லை, வேண்டாம். கயத்தாறு தாண்டுகிற வரைக்கும் உயிர் இருந்தது. ஒரே பேச்சுதான், திரும்பத் திரும்ப. "சைரன் அடிக்கலையேவே. சைரன் அடிக்கலையே." என்னிடம் சொல்லவில்லை, சும்மா சொல்லிக்கொண்டே வந்தான். கயத்தாறுக்கு அப்புறம் சொல்லவில்லை.

விசாரணை நடந்தது. நீங்களும் அந்த அறிக்கையைப் படித்திருப்பீர்கள். சாவி பைபாஸில் இருந்தது என்று ஒரு வரி இருக்கிறது. மேனேஜர் வாய்வார்த்தையாகச் சம்மதம் கொடுத்திருந்ததால் அதைக் கம்பெனி பெரிதுபடுத்தவில்லை. அப்புறம் நாலு பக்கம், பகல் ஷிப்ட் டெக்னீசியன் நிலையான உத்தரவை மீறிக் கதவைத் திறந்ததே மரணத்துக்குக் காரணம் என்று. என்னைக் கேட்டார்கள். கதவைத் திறக்கக் கூடாது என்று அவருக்குச் சொல்லியிருந்தீர்களா என்றார்கள். நூறு தடவை சொல்லியிருக்கிறேன் என்றேன். உண்மைதானே சார். நூறுக்கு மேலேயே இருக்கும். எழுதிக்கொண்டார்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் கம்பெனி என்னைப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கச் சொன்னது. புத்தகம் முழுக்கத் தெரிந்தவன் நான்தானே. மாசத்தில் முதல் திங்கட்கிழமை, புதிதாகச் சேர்கிறவர்களுக்கு. படம் போட்டுக் காட்ட பதினான்கு ஸ்லைடு, நானே தயார் பண்ணினது. ஒன்பதாவது ஸ்லைடில் கதவில்லாத இருபத்து மூன்றாம் பெட்டி. ஸ்லைடில் பேர் போட்டிருக்காது. நான்தான் வாயால் சொல்வேன், வெயிலுகந்தான் என்று ஒருவர் இருந்தார், என் சிநேகிதர், விதி தெரிந்தும் கதவைத் திறந்தார் என்று. பேரும் சிநேகமும் சொன்னால்தான் ஆட்கள் மனதில் பதியும். அழுகிறவர்களும் உண்டு. கடைசியில் பரீட்சை. ஏழாவது கேள்வி, 'இருபத்து மூன்றாம் பெட்டி விபத்தில் டெக்னீசியன் செய்த தவறு என்ன?' அந்த வகுப்பு ஆரம்பித்த பிறகு இங்கே ஒருத்தன் கோடு தாண்டினதில்லை. மேனேஜரைக் கேட்டுப் பாருங்கள்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தை மாசம் கம்பெனி அவன் சம்சாரத்துக்கு வேலை கொடுத்தது. சண்முகக்கனி என்று பேர். கேட்டில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவர் பேரை ரெஜிஸ்தரில் எழுதுகிற வேலை. நல்ல காரியம்தான். நானே மேனேஜரிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தேன். ஆனால் கேட் வேலை என்றாலும் வகுப்பில் உட்கார்ந்து பரீட்சை எழுதித்தான் ஆக வேண்டும். அது எனக்குத் தோன்றவே இல்லை சார். திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்துகொண்டு வகுப்புக்குள் போகிறேன், முதல் வரிசையில் அந்த அம்மா. கம்பெனி கொடுத்த நீலக் கோட்டு, பெரிய சைஸ், கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டிருக்கிறார். மடியில் ஒரு நோட்டு, புதுசு. என்னைப் பார்த்து எழுந்து நின்றார்.

ஒன்பதாவது ஸ்லைடைத் தள்ளிவிட்டுப் போய்விடலாம் என்று பார்த்தேன். நம்பர் போட்டிருக்கிறது, தள்ள முடியாது. 'ஒரு டெக்னீசியன்' என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனேன். பின்னால் இருந்து ஒருவன், விளாத்திகுளத்து ஆள், "செத்தவரு பேரு என்ன சார்?" என்றான்.

அந்த அம்மாதான் சொன்னார், திரும்பிப் பார்க்காமல், "வெயிலுகந்தான்" என்று. அவர் வாயால் புருசன் பேரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. நோட்டில் எழுதிக்கொண்டும் இருந்தார்.

வகுப்பு முடிந்து எல்லாரும் பரீட்சை எழுதப் பக்கத்து அறைக்குப் போன பிறகு நின்றார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அவுக ஏன் திறந்தாக?"

"தெரியலம்மா. அவசரத்துல திறந்திருப்பான்."

"அவசரப்படுத ஆளா அவுக? மூடி எடுக்க பர்மிட் எழுதின மனுசன்னு நீங்கதான எழவு வீட்டுல சொல்லிச் சொல்லி அழுதீக."

பரீட்சைத்தாளைக் கொடுத்தேன். ஒன்பது கேள்விக்கும் சரியாக எழுதியிருந்தார். பத்தாவது வரைக்கும் படித்தவர், அச்சடித்த மாதிரி கையெழுத்து. ஏழாவதுக்கு எழுதியிருந்தார், 'அவர்கள் தானாகத் திறந்திருக்க மாட்டார்கள்.' இது எப்படிச் சரியான பதில் ஆகும், நீங்களே சொல்லுங்கள். தவறு என்ன என்று கேட்டால் தவறைத்தானே எழுத வேண்டும். பத்துக்கு ஒன்பது. மூன்று தடவை எழுதலாம். மூன்றாவதும் போனால் வேலை கிடையாது.

இரண்டாவது தடவை மாசி மாசம். மறுபடியும் அதே நீலக் கோட்டு, அதே முதல் வரிசை, மறுபடியும் ஒன்பதாவது ஸ்லைடு. இந்தத் தடவை ஏழாவதுக்கு, 'தெரியாது. யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை' என்று எழுதியிருந்தார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, பாவம், டிக் போட்டுவிடுங்கள் தளவாய், யார் பார்க்கப் போகிறார்கள் என்றார். நான் முடியாது என்றேன். தப்பான பதிலுக்கு டிக் போட எனக்குக் கை வராது சார். அப்படிச் சுலபமாகப் போக ஆரம்பித்தால் அப்புறம் விதி எதற்கு, வகுப்பு எதற்கு. மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் தூக்கம் போய்விட்டது. பகலில் தூங்குகிறவனுக்குப் பகல் தூக்கம் போய்விட்டால் ரொம்பக் கஷ்டம். தெருவில் சைக்கிள் பெல் அடித்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். என் சம்சாரம், அந்த அம்மாவிடம் போய் என்னத்தையாவது ஆறுதலாகப் பேசிவிட்டு வாருங்கள் என்கிறாள். என்னத்தைப் பேச.

மூன்றாவது தடவை இன்றைக்கு. நீங்கள் யார்டில் அளந்துகொண்டிருந்தீர்களே, அதே நேரம், பக்கத்து அறையில். இவருக்கு மட்டும் தனியாக. வகுப்பு வேண்டாம், தாளை மட்டும் கொடுங்கள், ஸ்லைடு மனப்பாடமாக இருக்கிறது என்றார். கால் மணி நேரத்தில் எழுதிவிட்டார். தாளை வாங்கி ஏழாவதைத்தான் முதலில் பார்த்தேன்.

'என் கணவர் விதி தெரிந்தும் அதை மீறிக் கதவைத் திறந்தார். அது அவருடைய தவறு.'

என்னுடைய வார்த்தை சார். நான் வகுப்பில் சொல்கிற வார்த்தை, அப்படியே. 'அவர்கள்' என்று எழுதுகிறவர் 'அவர்' என்று எழுதியிருந்தார், நான் சொல்கிற மாதிரி.

பதில் சரி. டிக் போட்டேன். பத்துக்குப் பத்து என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் நின்று அந்த டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பச் சரியா அண்ணே?"

"சரிம்மா."

"பிள்ளைய பாலிடெக்னிக்ல சேக்கணும். அதான் எழுதிட்டேன்." பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார், "அவுக கோவிச்சுக்கிட மாட்டாகள்லா?"

"மாட்டான்மா" என்றேன்.

கையெடுத்துக் கும்பிட்டார். நீங்க இல்லேன்னா இந்த வேலை இல்ல அண்ணே என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதனால்தான் கேட்கிறேன். அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள். இனிமேல் யாரும் அதை எழுத வேண்டாம், நானும் அதைத் திருத்த வேண்டாம். அதற்குப் பதிலாக வேறு ஒரு விதி எழுதுங்கள். சாவியைத் திருப்பினவன்தான் அதைத் திரும்பப் போட வேண்டும், போடுகிற வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது என்று. சாமி முன்னால் வைக்கக் கூடாது என்றும் எழுதுங்கள், எழுத முடிந்தால். இருநூற்றுப் பதினாலு பக்கத்தில் அந்த ஒரு வரி இல்லை சார். இருந்திருந்தால் நான் செய்திருப்பேன். புத்தகத்தில் இருந்து நான் செய்யாதது எதுவுமே கிடையாது.

என்ன கேட்கிறீர்கள்?

சரியான பதில் என்னவென்றா. ஏழாவது கேள்விக்கா.

தண்ணீர் குடிக்கிறீர்களா சார்? நான் குடித்துக்கொள்கிறேன்.

அன்றைக்கு வாக்கியில் பேசினதைப் பற்றி, சாம்பிராணியாக இருக்கும் என்று நினைத்தோம் என்று உங்களிடம் சொன்னேன். நினைத்தோம் இல்லை. நான் நினைத்தேன். அவன் நினைக்கவில்லை. அவன், "சாம்பிராணி ராத்திரி பூரா நிக்குமாவே? எனக்கு என்னமோ போல இருக்கு. ஒருக்க புத்தகத்தப் பாரு" என்றான். நான் திரும்பிப் பார்த்தேன். புத்தகம் சாமி முன்னால் இருந்தது. மேலே சாவி, சந்தனம், பூ. ஐயர் வர அரை மணி நேரம் இருந்தது. எட்டி எடுக்கிற தூரம்தான் சார். இந்தா, இந்த மேசைக்கும் உங்களுக்கும் உள்ள தூரம்.

"புத்தகம் சாமிகிட்ட இருக்குவே" என்றேன். "போர்டுல எல்லாம் பச்ச. திறந்து விடு, கொஞ்சம் காத்தாடட்டும்."

"திறக்கவா?" என்றான்.

"திறவே."

அதற்கும் அவன் சும்மா திறக்கவில்லை. "தளவாய் சொன்னாம்ல, அப்ப சரி" என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது எனக்கு வாக்கியில் கேட்டது. பட்டனை விட மறந்துவிட்டான் போல. கைப்பிடி திரும்புகிற சத்தமும் கேட்டது.

வாக்கியில் பேசுவது எங்கேயும் பதிவாகாது. விசாரணையில் அதை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்றால், தெரியவில்லை. அந்த அம்மா மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் தாளில் பதில் எழுதினார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது உங்களிடம் சொல்லிக்கொண்டு வரும்போதுதான் தெரிகிறது, அவர் எழுதினதெல்லாம் கேள்வி. என்னைக் கேட்ட கேள்வி. நான் இரண்டு தடவை சிவப்பு மையில் தப்பு போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

ஹாரன் அடிக்கிறது. உங்கள் கார்தான், டயர் மாட்டிவிட்டார்கள் போல. பையை எடுத்துக்கொள்ளுங்கள், டேப்பை மறந்துவிடாதீர்கள்.

சார், ஒரு நிமிசம். நீங்கள் உள்ளே வரும்போது கேட்டில் வேறு ஆள் இருந்தான். இப்போது அந்த அம்மா உட்கார்ந்திருப்பார், பதினோரு மணிக்கே சேர்ந்தாயிற்று. முதல் நாள். நீங்கள் போகிற நேரத்தை எழுதி உங்களிடம் கையெழுத்து வாங்குவார். கையெழுத்துப் போட்டுவிட்டு நீங்கள் பாட்டுக்குப் போகலாம். உங்களுக்கு ஒரு கட்டாயமும் இல்லை, நீங்கள் வெளியூர் ஆள்.

ஆனால் மனது வந்தால், வாக்கியில் நான் சொன்னதை மட்டும் அவரிடம் சொல்லிவிடுங்கள். சாவி, புத்தகம் எல்லாம் வேண்டாம். அந்த ஒரு வார்த்தை போதும். நான் நாலு தடவை கேட் வரைக்கும் போனேன், இன்றைக்கு மட்டும். போய்விட்டு, எல்லாம் சௌகரியமா, நாற்காலி சரியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

இந்த ஜன்னலில் இருந்து பார்த்தால் கேட் நன்றாகத் தெரியும். நீங்கள் சொன்னீர்களா இல்லையா என்று எனக்கு வந்து சொல்ல வேண்டாம். சொன்னால் அவர் திரும்பி இந்தப் பக்கம் பார்ப்பார். நான் இங்கேயே நிற்கிறேன்.